பதினேழாவது கோணம்

கட்டக்காவுக்கு வளைவு என்றாலே ஆகாது. ஒரு வட்டத்தைக் காட்டி எப்படி இருக்கிறது என்று கேட்டால், எத்தனை கட்டத்துக்குள் அது அடங்க வேண்டும் என்று திருப்பிக் கேட்பார். எட்டுக் கட்டம் என்றால் வட்டத்துக்கு ஒரு முகம், பதினாறு என்றால் வேறு முகம். கட்டமே இல்லாமல் வெறுமனே உருண்டையாக இருக்கிற வட்டம், அவரைப் பொறுத்தவரை, வேலையைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்து போனவன் போட்டது.

கைப்பேசியில் பிள்ளைகளும், பிள்ளைகளிடமிருந்து பிடுங்கி அப்பாக்களும் ஆடுகிற சின்னச் சின்ன விளையாட்டுகளுக்குப் படம் போட்டுக் கொடுப்பது அவர் தொழில். வேண்டுமென்றே கட்டம் கட்டமாகத் தெரியும்படி வரைகிற படங்கள். ஒரு வாத்து என்றால் மொத்தமே பதினாறுக்குப் பதினாறு கட்டம்; அதற்குள் அலகும் இருக்க வேண்டும், வாலும் இருக்க வேண்டும், அது வாத்துதான் என்று பார்த்தவுடன் தெரியவும் வேண்டும். அந்தக் கட்டத்துக்கு பிக்சல் என்று உலகம் வைத்த பெயர் ஒன்று உண்டு. கட்டக்கா அதையெல்லாம் கண்டுகொள்வதில்லை. அந்தக் கட்டத்த எடு, இந்தக் கட்டத்தக் கொஞ்சம் இருட்டாக்கு என்று நாள் முழுக்கச் சொல்லிச் சொல்லி, யாரோ ஒருநாள் விளையாட்டாகக் கட்டக்கா என்று கூப்பிட்டது அப்படியே ஒட்டிக்கொண்டது. சம்பளச் சீட்டில் வேறு பெயர் இருக்கிறது. அதைப் பார்த்தால் அவருக்கே யாரோ போலத் தோன்றும்.

அலுவலகம் ஒரு டயர் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. ஏழு மேசை. படியேறும்போதே ரப்பர் வாசனை கூடவே ஏறி வரும். கட்டக்காவின் மேசை ஜன்னலோரம். நாற்காலியில் வீட்டிலிருந்து கொண்டுவந்த ஒரு மெத்தை. அதை வேறு யாராவது எடுத்துப் போட்டுக்கொண்டால் அன்று முழுக்க அவர்கள் கேட்கும் எதற்கும் பதில் வராது. முதலாளியைத் தவிர்த்தால் அங்கே மூத்தவர் அவர்தான். வயது நாற்பத்து மூன்று. மற்றவர்கள் எல்லாம் அவர் தொழிலுக்கு வந்தபோது பல் முளைத்துக்கொண்டிருந்தவர்கள்.

அந்த வருஷம் எடுத்த விளையாட்டு ஒரு வாடகைக் கார். ஊரை மேலிருந்து பார்ப்பது போல வீடுகளின் கூரை தெரியும், தெரு தெரியும், நடுவே சிவப்புக் கார் ஒன்று வளைந்து வளைந்து போகும். புரோகிராமர் பையன் வந்து மேசையில் சாய்ந்துகொண்டு, "அக்கா, நேரா மேல பாத்து நிக்கிற கார் ஒண்ணு மட்டும் குடுத்தா போதும். மத்த பக்கமெல்லாம் நானே திருப்பிக்கிறேன். அதான் பட்டன் இருக்கே" என்றான்.

பட்டன் இருக்கிறதுதான். படம் வரைகிற எல்லா மென்பொருளிலும் சுழற்று என்று ஒரு பட்டன் இருக்கிறது. மதியத்துக்குள் பதினாறு பக்கமும் திருப்பிக் கொண்டுவந்து காட்டினான். கட்டக்கா மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு திரையைப் பார்த்தார்.

"என்னது இது?"

"நம்ம கார்தான்கா."

"எப்ப தண்ணில விழுந்துச்சு?"

உண்மையிலேயே அது தண்ணீரில் ஊறிய சோப்பு போலத்தான் இருந்தது. கட்டங்களைச் சாய்த்துத் திருப்பும்போது, ஒவ்வொரு கட்டமும் எந்த இடத்தில் போய் உட்கார வேண்டும் என்று மென்பொருளுக்குத் தெரியாது. பாதி இங்கே, பாதி அங்கே விழும். உடனே எல்லோருக்கும் நல்லபிள்ளையாக நடந்துகொள்ளப் பார்த்து, சிவப்புக்கும் கறுப்புக்கும் நடுவே இரண்டும் கலந்த ஓர் அழுக்கு நிறத்தைப் பூசிவிடும். ஓரமெல்லாம் மசமசவென்று ஆகிவிடும். அது போதாதென்று பையன் இன்னொன்றும் செய்திருந்தான். கொஞ்சம் திருப்பி, வந்த படத்தை எடுத்து மறுபடி கொஞ்சம் திருப்பி, அதை எடுத்து மறுபடி திருப்பி என்று ஒரு சுற்றை முடித்திருந்தான். அழுக்கின்மேல் அழுக்கு ஏறி, கார் மறுபடி நேராக வந்து நின்றபோது அதற்கு விளக்கு இல்லை, கண்ணாடி இல்லை, முன் எது பின் எது என்றே தெரியவில்லை.

"திருப்புனதையே திருப்பினியா?"

"ஆமாக்கா. ஏன்?"

"திருப்புனதையே திருப்பக் கூடாதுப்பா. ஒவ்வொரு தடவையும் ஒரிஜினலுக்குப் போகணும். அங்கேருந்து ஒரே திருப்பு. திருப்புனதையே திருப்பிட்டிருந்தா கடைசில காரும் இருக்காது, நீயும் இருக்க மாட்ட."

இதை அவர் எத்தனை முறை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பார் என்பதற்குக் கணக்கே கிடையாது. புதிதாகச் சேருகிறவர்களுக்குத் தண்ணீர் எங்கே இருக்கிறது என்று காட்டுவதற்கு முன்னால் இதைத்தான் சொல்வார்.

அப்புறம் அவரே உட்கார்ந்தார். நேராக நிற்கும் ஒரிஜினலை எடுத்து எட்டு மடங்கு பெரிதாக்கினார். ஓரத்தை மென்மையாக்குகிற வசதியை முதலில் அணைத்துவிட்டுத்தான் பெரிதாக்க வேண்டும். மறந்தால் கதை கந்தல். பெரிதாக்கியதை வேண்டிய அளவு திருப்பி, மறுபடி பழைய அளவுக்குச் சுருக்கினார். அழுக்கு நிறம் இல்லாமல் ஓரம் சுத்தமாக வந்தது. ஆனாலும் ஒரு விளக்கு காணாமல் போயிருக்கும், பம்பர் ஒரு கட்டம் உடைந்திருக்கும். அதையெல்லாம் ஒவ்வொன்றாகக் கையால் எடுத்து வைத்தார். கடைசியாக வெளிச்சம். அந்த விளையாட்டில் சூரியன் எப்போதும் இடது மேல் மூலையில் இருந்தது. பட்டனால் திருப்பினால் காரின்மேல் விழுந்த வெளிச்சமும் சேர்ந்து திரும்பிவிடும். "கார் திரும்பலாம், சூரியன் திரும்பக் கூடாது" என்று சொல்லிக்கொண்டே பதினாறு கோணத்துக்கும் வெளிச்சத்தைத் தனித்தனியாகப் போட்டார். இரண்டு வாரம் ஆயிற்று. ஒவ்வொன்றும் நறுக்கென்று இருந்தது.

புரோகிராமர் ஓட்டிப் பார்த்தான். ஒரு வளைவில் காரை நிறுத்திவிட்டுக் கேட்டான்.

"பதினாறு போதுமாக்கா? ஒரு கோணத்துக்கும் அடுத்த கோணத்துக்கும் நடுவுல?"

"நடுவுல ஒண்ணும் கிடையாது" என்றார் கட்டக்கா.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த இடத்தில்தான் முதலாளி ஒருநாள் எல்லோரையும் கூப்பிட்டு, டயர் கடைக்காரருக்கு மாடியும் வேண்டுமாம், ஊருக்கு வெளியே புதுக் கட்டடம் ஒன்று பார்த்திருக்கிறேன், கோடை முடிந்ததும் போகிறோம் என்றார். காற்று வரும், வெளிச்சம் வரும் என்று அடுக்கினார். பேருந்து வருமா என்று கட்டக்கா ஒருவர்தான் கேட்டார். வராது. இளசுகள் எல்லோரிடமும் இரு சக்கர வண்டி இருந்தது. கட்டக்கா சின்ன வயதில் ஒருமுறை சைக்கிளிலிருந்து விழுந்ததோடு இரு சக்கரத்தோடு இருந்த உறவை முறித்துக்கொண்டவர்.

"அதுக்கென்ன, நீங்க வீட்லயே உக்காந்து வரைஞ்சு அனுப்புங்க" என்றார் முதலாளி, பெரிய வரம் கொடுப்பது போல.

வீட்டில் உட்கார்ந்து வரைந்த அனுபவம் கட்டக்காவுக்கு இருக்கிறது. கணவர் பேருந்து ஓட்டுநர். ஒருமுறை காலில் கட்டுப் போட்டுக்கொண்டு ஒரு மாதம் படுத்திருந்தார். அந்த மாதம் முழுக்க கட்டக்கா வீட்டிலிருந்தே வேலை பார்த்தார். பார்த்தார் என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். குக்கர் கூப்பிட்டது, பொட்டலம் கொண்டுவருகிறவன் கூப்பிட்டான், பக்கத்து வீட்டுக்காரி சாவியைக் கொடுத்துவிட்டுப் போக வந்து முக்கால் மணி நேரம் நின்றாள். நாத்தனார் தொலைபேசியில், "சும்மாதானே இருக்க, கொஞ்சம் வந்துட்டுப் போயேன்" என்றார். வீட்டில் இருக்கிற பெண்பிள்ளை சும்மாதான் இருப்பாள் என்பதில் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. அந்த மாதத்தில் அவர் முடித்தது ஒரே ஒரு வாத்து. அதற்கும் ஒரு கால் விட்டுப்போயிருந்தது.

ஜன்னலோர மேசையும் மெத்தை போட்ட நாற்காலியும் போனால் தன் கதி அந்த வாத்துதான் என்று கட்டக்காவுக்குத் தெளிவாகத் தெரிந்தது. பயந்தே போனார். பயத்தில் அவர் எடுத்த முடிவைக் கேட்டு வீடே சிரித்தது: கார் ஓட்டக் கற்றுக்கொள்வது.

கார் இருந்தது. நாத்தனார் புதுசு வாங்கியபோது தள்ளிவிட்ட பழைய சின்னக் கார், நீலம் வெளுத்து, வாசலில் உறை போட்டு நின்றுகொண்டிருந்தது. வீட்டிலேயே ஓட்டுநரும் இருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை கணவரே கற்றுக்கொடுக்க அழைத்துப் போனார். போகும்போது இருவரும் ஒரே காரில் போனார்கள். திரும்பும்போது அவர் காரில் வந்தார், கட்டக்கா நடந்து வந்தார். அதற்குமேல் அதைப் பற்றி அந்த வீட்டில் பேச்சில்லை. திங்கட்கிழமை கட்டக்கா ஓட்டுநர் பள்ளியில் சேர்ந்தார்.

பள்ளியில் அவருக்கு வாய்த்த பயிற்சியாளர் ஏறக்குறைய அவர் வயதுள்ள ஒரு பெண். பெரிய கறுப்புக் கண்ணாடி, வாயில் எப்போதும் ஒரு மிட்டாய், காலடியில் தனி பிரேக். சத்தம் போட மாட்டார். பிரேக்கை மிதித்துவிட்டு, கட்டக்காவைத் திரும்பிப் பார்த்துவிட்டு, மிட்டாயை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றுவார். அவ்வளவுதான். அதற்குத் திட்டே மேல்.

முதல் தேர்வில் அதிகாரி பாதி வழியிலேயே இறங்கிவிட்டார். "இன்ஜின்ல ஏதாவது கோளாறா?" என்று பயிற்சியாளரிடம் விசாரித்தாராம். இன்ஜினில் ஒரு கோளாறும் இல்லை. கட்டக்கா ஸ்டியரிங்கைத் திருப்பிய விதம் அப்படி. ஒரு வெட்டு, ஒரு நிறுத்தம். மறுபடி ஒரு வெட்டு, ஒரு நிறுத்தம். கார் திக்கித் திக்கித் திரும்பியது.

அன்று வரும் வழியில் பயிற்சியாளர் காரை ஓரமாக நிறுத்தச் சொன்னார்.

"கோவிச்சுக்காதீங்க. ஒண்ணு கேக்கறேன். திரும்பும்போது ஏன் விட்டு விட்டுத் திருப்புறீங்க?"

"அடுத்த கோணத்துக்குப் போறேன் மேடம்."

"எந்த அடுத்த கோணம்?"

கட்டக்கா சொன்னார். ஒரு காருக்குப் பதினாறு முகம் இருப்பதை, ஒரு முகத்திலிருந்து அடுத்த முகத்துக்குச் சட்டென்று மாறிவிட வேண்டும் என்பதை, அப்போதுதான் ஓரம் கெடாமல் சுத்தமாக இருக்கும் என்பதை, தூசி படிந்த முன்கண்ணாடியில் விரலால் கட்டம் போட்டுக் காட்டி விளக்கினார். இப்படி ஒரு விளக்கத்தைப் பயிற்சியாளர் தன் வாழ்நாளில் கேட்டதில்லை. கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"அப்ப நடுவுல இருக்கறதெல்லாம்?"

"நடுவுல ஒண்ணும் கிடையாது மேடம். இருந்தாலும் மசமசன்னு இருக்கும். அசிங்கமா இருக்கும்."

பயிற்சியாளர் மிட்டாயைக் கடித்து முழுங்கிவிட்டார். "ஏங்க, வண்டி ஓடறதே அந்த மசமசப்புலதாங்க" என்றார்.

கட்டக்காவுக்கு இது ஒரு வாரம் தூக்கத்தைக் கெடுத்தது. இருபது வருஷமாகத் துடைத்து எறிந்துகொண்டிருந்த ஒன்றுக்குள் போய் உட்காரச் சொன்னால் யாருக்குத்தான் மனசு வரும். ஆனாலும் மேசை போய்விடுமே. பல்லைக் கடித்துக்கொண்டு பழகினார். ஸ்டியரிங் கையில் நழுவி நழுவித் திரும்ப, கார் பெயரில்லாத கோணங்களில் எல்லாம் நிதானமாகப் புகுந்து போயிற்று. ஒவ்வொரு வளைவிலும் முகத்தைச் சுளித்துக்கொண்டார். ஆனால் கார் திக்கவில்லை. பயிற்சியாளர் இரண்டு நாள் பிரேக்கையே தொடவில்லை.

இரண்டாம் தேர்வில் முன்னால் போகிற பாகமெல்லாம் நல்லபடியாக முடிந்தது. பின்னால் எடுத்துக் கம்பங்களுக்கு நடுவே நிறுத்துவதில் மாட்டிக்கொண்டார். கார் கொஞ்சம் கோணலாக உள்ளே போயிற்று. அங்கேயே ஸ்டியரிங்கை இந்தப் பக்கம் ஒடித்தார், கொஞ்சம் பின்னால் போனார், அது இன்னும் கோணலாயிற்று. அந்தப் பக்கம் ஒடித்தார். அப்புறம் மறுபடி இந்தப் பக்கம். கடைசியில் கார் கட்டத்தின் குறுக்கே, மூலைக்கு மூலை படுத்துக்கிடந்தது. ஒரு கம்பம் மெதுவாகச் சாய்ந்து விழுந்தது.  அதிகாரியே கம்பத்தைத் தூக்கி நிறுத்தினார். அதுதான் கட்டக்காவுக்கு மிகவும் அவமானமாக இருந்தது.

வீட்டில் மகள், "கேம்ல மட்டும் சூப்பரா நிறுத்தறியேம்மா" என்றாள். பள்ளிக்கூடம் முடிக்கப்போகிற வயது. நாக்கில் இரக்கம் கொஞ்சம் குறைவு. கணவர் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தபடியே ஆறுதல் சொன்னார். "விடும்மா. நான் பஸ்ஸ பின்னாடி எடுக்கணும்னா ஒரு ஆள் நின்னு வரலாம் வரலாம்னு கத்தணும். அப்படியும் ஒரு தடவ சுவத்துல தேச்சிருக்கேன்." பணிமனையில் அவரைப் பார்க்கிறவர்கள் எல்லாம் வீட்டம்மா லைசென்ஸ் வாங்கிட்டாங்களா என்று கேட்பதை அவர் சொல்லவில்லை. கட்டக்காவுக்கு அது தெரியும்.

மறுநாள் முதலாளி தன்மையாகவே பேசினார். "எதுக்கு உங்களப் போட்டுக் கஷ்டப்படுத்திக்கிறீங்க? அங்க புதுசா ஒரு பொண்ண எடுத்துக்கலாம்னு இருக்கேன். நீங்க வீட்லேருந்து அவளுக்கு வழி சொல்லிக் குடுங்க. உங்க மேசையிலயே அவள உக்கார வச்சிடலாம்." நல்ல மனசோடு சொன்னதுதான். கட்டக்கா தலையாட்டிவிட்டு வந்து, அன்று சாயங்காலம் வரை ஒரே ஒரு கட்டத்தைச் சிவப்பாக்குவதும் கறுப்பாக்குவதுமாக உட்கார்ந்திருந்தார். எழுந்து போகும்போது மெத்தையை ஒருமுறை தட்டிச் சரியாகப் போட்டார். அழுகை வந்தது. டயர் கடை வாசனையில் கண் எரிகிறது என்று யாரும் கேட்காமலே சொன்னார்.

இன்னும் ஒரு தேர்வுக்குத்தான் நேரம் இருந்தது. அதற்குள் கோடை முடிந்துவிடும்.

டயர் கடைக்குப் பின்னால் ஒரு காலி முற்றம் உண்டு. சாயங்காலம் லாரிகள் போனபின் அங்கே யாரும் இருக்க மாட்டார்கள். கடைக்காரரிடம் கேட்டு, பழைய டயர்களைக் கம்பத்துக்குப் பதிலாக அடுக்கி வைத்துக்கொண்டு கட்டக்கா பழக ஆரம்பித்தார். பயிற்சியாளர் தன் பள்ளிக் காரோடு அங்கேயே வந்து போனார். டயரில் இடித்தால் யாருக்கும் நஷ்டமில்லை. நான்கைந்து நாளில் எல்லா டயரும் இடம் மாறிக்கிடந்தன.

ஒருநாள் புரோகிராமர் வண்டியை எடுக்க வந்தவன், மதில்மேல் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தான். கட்டக்கா பின்னால் போனார். கோணலாயிற்று. இந்தப் பக்கம் ஒடித்தார். அந்தப் பக்கம் ஒடித்தார். மறுபடி இந்தப் பக்கம். டயர் ஒன்று உருண்டு அவன் காலடியில் வந்து விழுந்தது. பையன் இறங்கி வந்து ஜன்னல் பக்கம் குனிந்தான். சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தான் என்பது நன்றாகத் தெரிந்தது.

"அக்கா, ஒண்ணு சொன்னா அடிக்க மாட்டீங்களே?"

"சொல்லு."

"திருப்புனதையே திருப்பிட்டிருக்கீங்க."

கட்டக்கா அவனைப் பார்த்தார். ஸ்டியரிங்கைப் பார்த்தார். கண்ணாடியில், டயர்களுக்குக் குறுக்கே கிடக்கும் காரின் பின்பக்கத்தைப் பார்த்தார்.  பக்கத்தில் பயிற்சியாளர், "என்ன சொல்றாரு தம்பி?" என்று கேட்டார்.

தேர்வில் ஒருமுறை காரை முன்னால் எடுத்துக்கொண்டு மறுபடி பின்னால் வர அனுமதி உண்டு. பயிற்சியாளர் முதல் வாரமே சொல்லியிருந்தார். ஆனால் முன்னால் எடுப்பது என்றால் தப்பு செய்துவிட்டேன் என்று அதிகாரி முன்னால் ஒப்புக்கொள்வது போல இருந்தது கட்டக்காவுக்கு. மேசையில் உட்கார்ந்தால் ஒரு நாளைக்கு நூறு தடவை அழித்துவிட்டு ஒரிஜினலுக்குப் போகிறவர். அங்கே அதில் வெட்கப்பட ஒன்றுமே இருந்ததில்லை. காரில் ஏறியதும் எங்கிருந்துதான் அந்த ரோஷம் வந்ததோ.

"தம்பி, அந்த டயரெல்லாம் எடுத்துத் தள்ளித் தள்ளி வை" என்றார். "எவ்வளவு தள்ளி வைக்க முடியுமோ அவ்வளவு."

"எட்டு மடங்காக்கா?"

"முற்றம் தாங்கற அளவுக்கு வை. பேசாத."

பெரிதாக்கப்பட்ட அந்தக் கட்டத்துக்குள் பின்னால் போவது சுலபமாக இருந்தது. நேராக நின்று, ஒரே திருப்பில் உள்ளே. கோணலானால் திருத்துவதில்லை, முன்னால் போய், நேராக்கி, முதலிலிருந்து. மறுநாள் டயர்களைக் கொஞ்சம் கிட்டே நகர்த்தினார்கள். அதற்கு மறுநாள் இன்னும் கொஞ்சம். தேர்வுக்கு முந்தைய நாள் டயர்கள் தேர்வுக் களத்துக் கம்பங்களின் அளவுக்கே வந்துவிட்டன. பயிற்சியாளர் இறங்கிப் போய் டயர்களுக்கும் காருக்கும் நடுவே இருந்த இடைவெளியைக் காலால் அளந்து பார்த்தார். "இப்படி ஒரு முறைய நான் எந்தப் பள்ளியிலயும் பாத்ததில்லீங்க" என்றார். அதைப் பாராட்டாகத்தான் சொன்னாரா என்று கட்டக்காவுக்கு இன்றுவரை தெரியாது.

மூன்றாம் தேர்வில் அதே அதிகாரி. கட்டக்கா தெருவில் ஓட்டிக் காட்டினார், வளைவில் திருப்பினார், எல்லாம் ஆயிற்று. பின்னால் எடுக்கும் இடம் வந்ததும் அதிகாரி இறங்கி, போன தடவை தானே தூக்கி நிறுத்திய கம்பத்துக்குப் பக்கத்தில், ஒரு கையை அதன்மேல் வைத்துக்கொண்டு நின்றார்.  தெருவில் ஓட்டிக் காட்டினார், வளைவில் திருப்பினார், எல்லாம் ஆயிற்று. பின்னால் எடுத்தார். என்ன ஆனதோ, கார் கோணலாகவே உள்ளே நுழைந்தது.

கை தானாக ஸ்டியரிங்கை இந்தப் பக்கம் ஒடிக்கப் போயிற்று. கட்டக்கா கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். ஜன்னலை இறக்கினார்.

"சார், இது தப்பா வந்துடுச்சு. முன்னாடி எடுத்துட்டு முதல்லேருந்து வரேன்."

"வாங்க" என்றார் அதிகாரி. கம்பத்தின்மேலிருந்த கையை எடுத்துவிட்டார்.

முன்னால் போய் நேராக நின்றார். ஒரு மூச்சு விட்டார். பின்னால் வந்தார், ஒரே திருப்பில். கார் உள்ளே போய் நின்றது. கம்பங்கள் நான்கும் நின்ற இடத்திலேயே நின்றன. வெளியே பயிற்சியாளர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். வண்டிப் புகை என்றார்.

அன்று மாலை கணவர் பணிமனையிலிருந்து வரும்போதே தெரு முனையில் ஆரம்பித்து, கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் சொல்லிக்கொண்டு வந்தார். மகள் வாசலில் நின்ற காரைச் சுற்றி வந்து, "இனிமே என்னை ஸ்கூல்ல விடறியா?" என்றாள். "உங்க அப்பாவக் கேளு" என்றார் கட்டக்கா, மிதப்பாக. அப்படி மிதப்பாகப் பேசி அவரை வீட்டில் யாரும் பார்த்ததில்லை.

புதுக் கட்டடத்துக்குப் போன முதல் நாள் மற்றவர்கள் வருவதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். வழியில் வந்த வண்டிகள் எல்லாம் அவரை முந்திக்கொண்டுதான் போயின என்பது வேறு விஷயம். அவர் விடிந்ததுமே கிளம்பியிருந்தார். பின் இருக்கையில் மெத்தை உட்கார்ந்து வந்தது. காலியாகக் கிடந்த வாகன நிறுத்தத்தில் காரைப் பின்னால் எடுத்து நிறுத்திவிட்டு, மெத்தையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மாடியேறினார். முதலாளி சொன்னதுபோலக் காற்றும் வந்தது, வெளிச்சமும் வந்தது. ஜன்னலோரம் அவர் மேசையைப் போட்டிருந்தார்கள். மெத்தையை நாற்காலியில் போட்டு, தட்டி, உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகுதான் கீழே பார்த்தார்.

இத்தனை வருஷம் ஆயிரம் கார்களை மேலிருந்து வரைந்தவர், தன் காரை மேலிருந்து பார்ப்பது அதுதான் முதல் தடவை. வெளுத்த நீலக் கூரை, பக்கத்துக்கு ஒன்றாகக் கண்ணாடி, இடது ஓரத்தில் காலை வெயில். அத்தனை பெரிய இடத்தில் போட்டிருந்த வெள்ளைக் கோட்டுக்குக் கொஞ்சம் கோணலாக நின்றது. நேரான முகமும் இல்லை, அதற்கு அடுத்த முகமும் இல்லை. இரண்டுக்கும் நடுவே எங்கேயோ.

அவருக்கு உடம்பெல்லாம் அரித்தது. இறங்கிப் போய் நேராக்கிவிட்டு வந்துவிடலாமா என்று பாதி எழுந்தும்விட்டார்.

புரோகிராமர் பையன் தலைக்கவசத்தைக் கையில் பிடித்தபடி வந்து, அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான். கொஞ்ச நேரம் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தான்.

"அக்கா, அந்தக் கோணம் நம்ம கேம்ல இல்லையே."

கட்டக்கா மறுபடி உட்கார்ந்துகொண்டார். காரை இன்னொரு தடவை பார்த்தார். அது அங்கே நறுக்கென்றுதான் நின்றுகொண்டிருந்தது.

"ஒரிஜினலத் திற" என்றார். "கூட ஒண்ணு போட்டுத் தரேன்."